வினாக்கொத்து அமைப்பது எப்படி?

படிவங்கள் உங்களுக்குப் புதியவை அல்ல. முகாமில் இருந்தபோது நிவாரண அட்டைக்கு ஒரு படிவம், உறவினர் வீட்டில் தங்கியிருந்தால் அதற்கென வேறொரு படிவம், பின்னர் மீள்குடியேற்றத்துக்கு, வீட்டுத் திட்டத்துக்கு, விதைநெல்லுக்கு, கறவை மாட்டுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு படிவம். மோட்டார் சைக்கிளில் ஒரு பிள்ளை வந்திறங்கி, "அம்மா, சில கேள்விகள் கேட்க வேணும்" என்று கடதாசிக் கட்டுடன் படலையில் நிற்பதைக் கண்டதும், அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுக் கதிரையை எடுத்துப் போடுவீர்கள். ஒரு மணித்தியாலம் போய்விடும். அந்தக் கடதாசி பிறகு எங்கே போனது என்று எவரும் வந்து சொன்னதில்லை.

ஆய்வாளர்கள் வினாக்கொத்து என்று அழைக்கும் அந்தக் கடதாசியைப் பற்றியதே இக்கட்டுரை. இதை உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. விடையளிப்பவர்களாக மட்டுமன்றி, வினாக் கேட்பவர்களாகவும் நீங்கள் இருக்கவேண்டிய காலம் இது. இன்னும் விடுவிக்கப்படாத காணி எவ்வளவு, துப்புரவாக்கப்படாத கிணறு எத்தனை, உறுதியைத் தொலைத்த குடும்பங்கள் எத்தனை என்ற கணக்கைக் கமக்காரர் அமைப்போ மாதர் சங்கமோ தானாகவே எடுத்து வைத்திருந்தால், கச்சேரியில் பேசும்போது அதற்கு ஒரு பெறுமதி உண்டு. ஆனால் கேட்கும் முறை பிழைத்தால் அந்தக் கணக்கு நமக்கே எதிராகத் திரும்பும். அதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

2010 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வன்னியில் அப்போதுதான் மக்கள் மீளக்குடியமர்ந்த கிராமமொன்றில், நான் முதன்முதலாக ஒரு வினாக்கொத்துடன் வீடு வீடாகத் திரிந்தேன். அது நானே தயாரித்தது. குருத்துவக் கல்லூரியில் மெய்யியலும் இறையியலும் கற்றவனுக்கு நாலு கேள்வி எழுதுவதா கஷ்டம் என்ற எண்ணம். அதில் நான்காவது வினா இது: "இடம்பெயர்ந்த திகதி". அதன் எதிரே இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு.

தறப்பாள் கொட்டிலின் முன்னால் இருந்த ஒரு தாயார், அறுபது வயதிருக்கும், என்னைப் பார்த்துக் கேட்டார்: "எந்த இடப்பெயர்வைச் சொல்லுறது, சுவாமி?"

பிறகு விரல் மடித்து எண்ணினார். 1990 ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்டது. 1995 ஐப்பசிக் கடைசியில், யாழ்ப்பாணமே எழும்பியபோது, மழைக்குள் தென்மராட்சிக்கும் அங்கிருந்து கடல் கடந்து வன்னிக்கும். 1996 இல் கிளிநொச்சியிலிருந்து அக்கராயனுக்கு. 2008 இல் அங்கிருந்தும் எழும்பிக் கிழக்கே, கிழக்கே என்று போய் ஈற்றில் கடற்கரை. அதன்பின் மெனிக்பாம் முகாம். நான் கையில் பேனாவுடன் அந்த இரண்டு அங்குலக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் "2008" என்று எழுதினேன். அதுதானே அண்மையது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இது சின்ன விடயம் அல்ல. அந்நாட்களில் 2008 ஏப்ரல் முதலாந் திகதிக்கு முன்னர் இடம்பெயர்ந்தோர் "பழையவர்", அதன் பின்னர் இடம்பெயர்ந்தோர் "புதியவர்" என்று வகுக்கப்பட்டனர். உதவித் திட்டங்கள் பல இவ்விரு பிரிவினரையும் வேறுவேறாக நடத்தின. நான் 1990 என்று எழுதியிருந்தால் அந்தத் தாயார் பழையவர் ஆகியிருப்பார். அன்று கிடைக்கக்கூடிய உதவியில் பின்தள்ளப்பட்டிருப்பார். 2008 என்று எழுதியதால் அவர் புதியவர் ஆனார். ஆனால் வலிகாமம் வடக்கிலே தோட்டக்காணியும் கிணறும் வீடும் விட்டுவந்தவர் என்பது என் பதிவில் எங்குமே இல்லாமற் போயிற்று. எதை எழுதினாலும் அவர் வாழ்வில் பாதி விடுபட்டது. குற்றம் விடையில் இல்லை, கோட்டில்தான்.

அந்தக் கோட்டுக்குப் பதிலாக இன்று நாங்கள் ஒரு சிறு அட்டவணை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் ஒரு வரி: எந்த ஊரிலிருந்து, எந்த மாதம் எந்த ஆண்டு, அங்கே இருந்த காணி யாருடையது, விட்டுவந்தவை எவை, இப்போது அங்கு போகமுடிகிறதா. ஏழு வரிகள் விட்டிருக்கிறோம். சில குடும்பங்களுக்கு அதுவும் போதவில்லை, பின்பக்கத்தில் எழுதுகிறோம்.

முதலில் எதற்கென்று தீர்மானியுங்கள்

வினாவை எழுதுமுன் சங்கத்தவர் கூடியிருந்து ஒன்றைப் பேசி முடிக்கவேண்டும்: விடை வந்த பிறகு அதைக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்? பிரதேச செயலகத்துக்கு மனுக் கொடுக்கவா, கிணறு இறைக்கும் இயந்திரம் எந்தப் பகுதிக்கு முதலில் போகவேண்டும் என்று முடிவெடுக்கவா? ஒவ்வொரு வினாவையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்து, "இதன் விடை எதுவாயிருந்தாலும் நாம் செய்யப்போவது ஒன்றுதான்" என்றால் அந்த வினாவை வெட்டிவிடலாம். 

நான் சொன்ன அந்த முதலாவது வினாக்கொத்தில் 84 வினாக்கள் இருந்தன. கோழிகள் எத்தனை, வானொலிப் பெட்டி உண்டா, பிள்ளைகள் எத்தனை மணிக்கு நித்திரைக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் கேட்டோம். அறிக்கை எழுதியபோது பயன்பட்டவை ஒன்பது. மிகுதித் தாள்கள் ஒரு பெட்டியில் கிடந்து கறையான் அரித்துப் போயின. மக்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்ன விடைகள் அவை.

றொபேட் சேம்பர்ஸ் என்ற பிரித்தானிய அறிஞர் 1983 இல் வெளியிட்ட கிராம அபிவிருத்தி பற்றிய நூலில் இந்த நீண்ட வினாக்கொத்து நோயைக் கண்டித்திருக்கிறார். ஆய்வாளர் தார் வீதியை அண்டிய வீடுகளுக்கே போகிறார்கள், வரண்ட காலத்திலேயே போகிறார்கள் என்பதும் அவர் எடுத்துக்காட்டிய குறை. நமது பகுதிகளுக்கு இது அப்படியே பொருந்தும். மாரியில் வாகனம் போகமுடியாத ஒழுங்கைகளில்தான் கஷ்டப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. காலை பத்து மணிக்குப் போனால் கூலிவேலைக்குப் போனவர் ஒருவரையும் காணமுடியாது.

அதிகம் பேரைக் கேட்டால் சரியாகிவிடும் என்று எண்ணவும் வேண்டாம். 1936 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் லிற்றறி டைஜெஸ்ற் என்ற சஞ்சிகை, ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டுப்போன்ற தபாலட்டைகளை அனுப்பியது. 23 இலட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. லான்டன் வெல்வார் என்று சஞ்சிகை அறிவித்தது. ரூஸ்வெல்ற் 60 வீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் வென்றார். பெயர்கள் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகங்களிலும் மோட்டார் வாகனப் பதிவேடுகளிலும் இருந்து எடுக்கப்பட்டவை; பொருளாதார நெருக்கடிக் காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர் யார் என்பதை நீங்களே ஊகிக்கலாம். திருப்பி அனுப்பியவர்களும் எல்லாரையும் போன்றவர்கள் அல்லர். கேட்கப்படாதவர்களின் குரல் அந்த இலட்சக்கணக்கில் எங்கும் இல்லை.

நமது நாட்டிலும் 1981 இன் பின்னர் நாடு முழுவதையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பீடு 2012 இலேயே நடந்தது. 2001 இல் எடுத்த மதிப்பீடு 18 மாவட்டங்களிலேயே முழுமையாக முடிந்தது. வடக்கின் மாவட்டங்கள் ஒன்றும் அந்தப் பதினெட்டில் இல்லை. முப்பத்தொரு வருடம் நம்மைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் மதிப்பீட்டை வைத்தே பேசினார்கள்.

காணி பற்றிய வினா

விவசாயக் குடும்பங்களிடம் கேட்கப்படும் வினாக்களில் அதிகம் பிழைப்பது இதுதான். "உங்களுக்குச் சொந்தமாகக் காணி உண்டா? ஆம் / இல்லை." பார்ப்பதற்கு இதைவிட எளிமையான வினா இல்லை. ஆனால் குடியேற்றத் திட்டமொன்றில் இரண்டு ஏக்கர் வயலும் மேட்டுக்காணியும் பேர்மிற்றில் வைத்திருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவருக்குக் கிடைத்தது அனுமதிப்பத்திரம், உறுதி அல்ல. நேர்மையான மனிதர் "அது அரசாங்கக் காணி" என்று சொல்லி "இல்லை" என்பார். பக்கத்து வளவுக்காரரும் அதே பேர்மிற்காரர்தான். அவர் "ஆம்" என்பார். இருவரும் உண்மையே சொன்னார்கள். கணக்கில் ஒருவர் காணிக்காரர், மற்றவர் காணியற்றவர்.

இன்னொன்று. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் தேசவழமைப்படி சீதனமாக வந்த காணி மனைவியின் பெயரில் இருக்கும். படிவம் "குடும்பத் தலைவரின் காணி" என்று கேட்கிறது. கணவன் தன் பெயரில் உள்ள இரண்டு பரப்பைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறார். மனைவியின் எட்டுப் பரப்பு எங்கும் எழுதப்படவில்லை. கணவன் இறந்த பின், அல்லது காணாமற்போன பின், அந்தப் பெண் தன் காணியைக் கேட்டுப் போகும்போது பழைய பதிவை எடுத்து வைத்து, "உங்களுக்குக் காணி இருந்ததாக இதில் இல்லையே" என்பார்கள். இவற்றோடு குத்தகைக்குச் செய்தவர், வாரத்துக்குச் செய்தவர், ஈடு வைத்தவர், காடு வெட்டிப் பிடித்து இருபது வருடம் பயிரிட்டும் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாதவர் என்று எத்தனையோ வகையினர்.

ஆகையால் "சொந்தமா" என்று கேட்காதீர்கள். இடம்பெயர முன் எந்தெந்தக் காணியில் பயிர் செய்தீர்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே: எங்கே இருக்கிறது, யார் பெயரில், என்ன கடதாசி, அந்தக் கடதாசி இப்போது கையில் உள்ளதா, இல்லையேல் கடைசியாக எங்கே இருந்தது. உறுதி தொலைந்திருந்தாலும் காணிப் பதிவகத்தில் பிரதி இருக்கலாம். உறுதி முடித்த நொத்தாரிசின் பெயரையோ ஆண்டையோ யாரும் ஞாபகம் வைத்திருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவைச் சொல்பவர் சொல்லும் அலகிலேயே எழுதுங்கள். பரப்பு என்றால் பரப்பு, ஏக்கர் என்றால் ஏக்கர், "இரண்டு புசல் விதைப்பு" என்றால் அப்படியே. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று பிறகு மாற்றிக்கொள்ளலாம். படலையில் நின்று மனக்கணக்குப் பார்த்து எழுதினால் பிழைதான் மிஞ்சும்.

வருமானத்தைப் பற்றியும் இதே கதைதான். "கடந்த வருட வருமானம் எவ்வளவு?" என்றால் எந்தக் கமக்காரரும் சரியாகச் சொல்லமாட்டார். ஒளிப்பதற்காக அல்ல. மாதச் சம்பளக்காரர் எழுதிய வினா அது. காலபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைத்தீர்கள், எத்தனை மூடை கண்டது, உங்கள் ஊரில் மூடைக்கு எத்தனை கிலோ, கடன்காரருக்கு அளந்தது எவ்வளவு, விதைக்கும் சாப்பாட்டுக்கும் எடுத்து வைத்தது எவ்வளவு, விற்றது என்ன விலைக்கு என்று வயலின் ஒழுங்கிலேயே கேட்டுப் போனால் கணக்குத் தானாக வரும். ஆண்டு ஞாபகமில்லாதவரிடம், சுனாமிக்கு முன்னா பின்னா, 2002 சமாதான காலத்திலா என்று கேளுங்கள். அந்த அடையாளங்கள் எவருக்கும் மறவா.

சொல் மாறினால் விடை மாறும்

1941 இல் டொனால்ட் றக் என்பவர் வெளியிட்ட ஒரு பரிசோதனை இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. மக்களாட்சிக்கு எதிரான பொதுப் பேச்சுக்களைத் தடைசெய்ய வேண்டுமா என்று ஒரு பகுதி அமெரிக்கரிடமும், அவற்றை அனுமதிக்க வேண்டுமா என்று இன்னொரு பகுதியினரிடமும் கேட்டார்கள். கருத்துச் சொல்லாதவர்களை நீக்கிப் பார்த்தால், தடைசெய்ய வேண்டும் என்றவர் 54 வீதம். அனுமதிக்கக்கூடாது என்றவர் 75 வீதம். தடைசெய்வதும் அனுமதிக்காமல் விடுவதும் நடைமுறையில் ஒன்றே. சொல்லின் கனம் மாத்திரமே வேறு.

நம்மிடையே சொல்லின் கனத்துடன் கேட்பவரின் கனமும் சேர்ந்துகொள்ளும். "நாங்கள் தந்த விதைநெல் பயனளித்ததா?" என்று நான் கேட்டபோது ஒரு கிராமம் முழுவதும் "ஓம் சுவாமி, நல்ல பயன்" என்றது. அடுத்த மாதம் சங்கத்துப் பிள்ளை ஒருத்தி போய், "அந்த நெல்லை என்ன செய்தீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். பாதிக்கு மேற்பட்டோர் அதைக் குற்றிச் சாப்பிட்டிருந்தார்கள். விதைக்க வயல் விடுபட்டிருக்கவில்லை, பசி இருந்தது. சுவாமியின் மனம் நோகக்கூடாது என்பதற்காக என்னிடம் அதைச் சொல்லவில்லை. ஆகவே உதவி கொடுத்தவரே அதன் பயனைக் கேட்கப் போகக்கூடாது. போனாலும் "பயனளித்ததா" என்று கேட்காமல், நடந்ததைக் கேட்கவேண்டும்.

ஒரு வினாவுக்குள் இரண்டைத் திணிக்கவும் கூடாது. "வீடும் கிணறும் சேதமா?" என்றால், வீடு தரைமட்டமாகிக் கிணறு மட்டும் தப்பியவர் என்ன சொல்வார்? அதேபோல், கொழும்பில் ஆங்கிலத்தில் எழுதிக் கந்தோரில் தமிழாக்கிய வினாக்களில் வரும் "வீட்டலகு", "பாதிக்கப்படக்கூடிய நிலை" போன்ற சொற்களைப் படலையில் நின்று வாசித்தால், கேட்பவரும் விளங்காமல் கேட்பார், சொல்பவரும் விளங்காமல் சொல்வார். வீட்டலகு என்பதற்குப் பதில் "ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள் யார் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். கலியாணம் முடித்த மகன் அதே வளவில் தனியாகச் சமைக்கிறானா என்பதும் அதிலேயே தெரியவரும். அவன் தனிக் குடும்பமா இல்லையா என்பதில்தான் எத்தனையோ வீட்டுத்திட்டச் சண்டைகள் தொடங்கின.

கடினமான வினாக்கள் சில உண்டு. கணவன் பற்றிய வினாவில் பல படிவங்கள் இரண்டே கட்டங்கள் வைத்திருந்தன: உயிருடன் இருக்கிறார், இறந்துவிட்டார். 2009 இல் கணவனைக் கண்முன்னே ஒப்படைத்துவிட்டு வந்த ஒரு பெண் எதில் அடையாளமிடுவாள்? முதலாவதில் இட்டால், உழைக்கும் ஆண் உள்ள குடும்பம் என்று தள்ளிவிடுவார்கள். இரண்டாவதில் இட்டால், தன் கையாலேயே அவரைச் சாகடித்ததாக அவள் மனம் சொல்லும். இறந்தார் என்று கூறாமல், காணப்படவில்லை என்று மட்டும் சான்றுபடுத்தும் பத்திரம் 2016 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால்தான் வந்தது. அரசின் ஏட்டிலேயே மூன்றாவது கட்டம் வர அத்தனை காலம் எடுத்தது. உங்கள் தாளில் அதை முதல் நாளிலேயே வையுங்கள். இந்த வினாவைத் தொடக்கத்தில் கேட்காதீர்கள். முற்றத்தில் நாலு பேர் நிற்கும்போதும் கேட்காதீர்கள். பதில் சொல்ல விரும்பவில்லை என்றால் "சொல்ல விரும்பவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும்.

உங்களிடம் ஒருவர் தாளுடன் வந்தாலும் இதே உரிமை உங்களுக்கு உண்டு. யார் அனுப்பியது, எதற்கு, இந்தத் தாளை யார் யார் பார்ப்பார்கள், பெயர் கட்டாயமா என்று கேளுங்கள். அவர் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வெறும் இடம் விட்ட படிவத்தில் கையொப்பம் இடவேண்டாம். "பிறகு நிரப்புறம் அம்மா" என்றால், நிரப்பிய பிறகு வாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

சென்ற வருடம் ஒரு மாதர் சங்கத்தோடு சேர்ந்து நாங்கள் ஒரு புதுத் தாளைத் தயாரித்தோம். முன்னும் பின்னுமாக ஒரே ஒரு தாள், 14 வினாக்கள். உடனே அச்சடிக்கவில்லை. பக்கத்துக் கிராமத்தில் ஆறு குடும்பங்களிடம் கையெழுத்துப் பிரதியுடன் போய்ப் பரீட்சித்தோம். ஒவ்வொரு வினாவையும் வாசித்தபின், "இதில் என்ன கேட்கிறோம் என்று உங்கள் வாயால் சொல்லுங்கோ" என்று கேட்டோம். "கிணறு உண்டா?" என்ற வினாவுக்கு ஆறு பேரும் "ஓம்" என்றார்கள். ஏழாவதாக, அழைக்காமலே வந்திருந்த ஒரு முதியவர் சிரித்தார். "கிணறு இருக்கு. தண்ணி உப்பு. ஒண்டுக்குள்ளை பழைய தகரமும் கல்லும். அதையும் ஓம் எண்டுதானே எழுதுவியள்?" அன்று மாலையே அந்த வினாவை வெட்டி, "இன்று காலையில் குடித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்று மாற்றினோம்.

நிரப்பிய தாள்களைப் பிரதேச செயலகத்தில் கையளிக்குமுன் எல்லாவற்றையும் போட்டோப் பிரதி எடுத்தோம். ஒவ்வொன்றிலும் திகதியும் கேட்டவரின் பெயரும் உண்டு. கையளித்ததற்கு ஒரு கடிதத்தில் முத்திரை வாங்கிக்கொண்டோம். பிரதிகள் பிளாஸ்ரிக் உறையில் சுற்றப்பட்டுச் செயலாளரின் வீட்டில், கறையான் எட்டாத உயரத்தில், பரணில் இருக்கின்றன.